மணலா, எஃகா?

துருப்பிடித்த இரும்புத் தகட்டின் மேல் அப்படியே வண்ணம் பூசினால் என்ன ஆகும்? விரைவிலேயே துரு மீண்டும் தலைகாட்டும். எனவே முதலில் துருவை அகற்ற வேண்டும். இதைப் போன்ற வேலைகளுக்கு மணலை வேகமாக வீசியடிக்கும் முறைக்கு அமெரிக்கரான பெஞ்சமின் டில்மன் 1870-இல் காப்புரிமை பெற்றார்.

ஆனால் மணல் மோதியதும் நொறுங்கிவிடும். அந்த நுண்தூசியைத் தொடர்ந்து சுவாசிக்கும் தொழிலாளிக்குச் 'சிலிக்கோசிஸ்' என்னும் நுரையீரல் நோய் வருகிறது. அதைக் குணப்படுத்த மருந்தில்லை. அதனால்தான் வார்ப்படங்களைத் துப்புரவு செய்ய மணலை வீசுவதைப் பிரிட்டன் 1949-ஆம் ஆண்டு விதிகளால் தடை செய்தது.

மணலுக்கு மாற்று எஃகு. மணல்துகளின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.65 கிராம், எஃகின் அடர்த்தி 7.8 கிராம். பருமனும் வேகமும் சமமானால், எஃகுத்துகள் ஏறத்தாழ மும்மடங்கு இயக்க ஆற்றலுடன் மோதும். எளிதில் நொறுங்காததால் அதைச் சேகரித்துப் பலமுறை பயன்படுத்தலாம்.

எஃகிலும் இருவகை உண்டு. கூர்முனைகள் உள்ள 'கிரிட்' பரப்பைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கும். வண்ணம் நன்றாகப் பற்றும். உருண்டைப் பரல்களான 'ஷாட்' மேற்பரப்பை அமுக்கிச் சிறு குழிகளை உண்டாக்கும். அமுக்கப்பட்ட பரப்பில் விரிசல் எளிதில் பரவாது. லாரியின் வில்பட்டைகள் நெடுநாள் உழைக்க இதுவும் ஒரு காரணம்.

துருப்பிடிக்காத எஃகின் மீது சாதாரண எஃகுப் பரல்களை வீசலாமா? கூடாது. அவற்றிலிருந்து ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துணுக்குகள் துருப்பிடிக்கும். அங்கே துருப்பிடிக்காத எஃகுப் பரல்களே வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள்: மணலை விட்டொழித்தாலும் துருத்தூசியும் பழைய வண்ணத்தின் தூசியும் பறக்கவே செய்யும். எஃகு வந்தாலும் தொழிலாளியின் சுவாசக் கவசத்துக்கு ஓய்வில்லை!