சுமை கூடினால் ஆள் மாற்றும் இதயம்

மாணவர்களே, மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து உங்கள் நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள். நிமிடத்திற்கு 70 என்றால், ஒரு நாளில் இதயம் ஏறக்குறைய 100,000 முறை துடிக்கிறது. அதை இயக்குபவை யார்?

கயிறும் இழுப்பவரும்

பள்ளி விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இதயத் தசையில் ஆக்டின் என்ற புரதம்தான் கயிறு. மையோசின் என்ற புரதம் அதை இழுப்பவர். மையோசினின் தலைப்பகுதி ஆக்டினைப் பற்றி இழுக்கும், விடும், மீண்டும் பற்றும். இதற்கான ஆற்றலை ஏடிபி எனும் மூலக்கூறு தருகிறது.

இழுப்பவரில் இரண்டு வகை உண்டு. ஆல்ஃபா மையோசின் வேகமாக இழுக்கும். ஏடிபியையும் வேகமாகச் செலவழிக்கும். பீட்டா மையோசின் மெதுவாக இழுக்கும், ஆனால் சிக்கனமானது. நிமிடத்திற்கு 500 முறைக்கு மேல் துடிக்கும் சுண்டெலியின் இதயத்தில் ஆல்ஃபாவே அதிகம். மனித இதயத்தின் கீழறைகளில் பெரும்பகுதி பீட்டா, ஆல்ஃபா சிறிதளவே.

சுமை கூடும்போது

ஆய்வுக்கூடத்தில் எலியின் பெருந்தமனியைச் சற்றே இறுக்கினால், இரத்தத்தை வெளியேற்ற இதயம் கடுமையாக உழைக்க வேண்டும். சில வாரங்களில் அதன் தசை தடிக்கிறது. ஆல்ஃபா குறைந்து பீட்டா கூடுகிறது. பிறப்பதற்கு முன் அதன் கீழறைகளில் இருந்ததும் பீட்டாதான். இதயம் தன் பழைய சிக்கன முறைக்கே திரும்புகிறது!

இதனால் ஆற்றல் மிச்சமாகிறது. ஆனால் சுருங்கும் வேகம் குறைகிறது. செயலிழந்துவரும் மனித இதயத்திலும், இருக்கும் கொஞ்ச ஆல்ஃபாவும் குறைந்துபோகிறது.

அப்படியானால் ஓடுவதும் நீந்துவதும் ஆபத்தா? இல்லை. நீச்சல் பயிற்சி பெற்ற எலிகளின் இதயமும் பெரிதானது. ஆனால் பீட்டாவுக்கு மாறவில்லை. உடற்பயிற்சியின் சுமை சிறிது நேரமே. பிறகு ஓய்வு உண்டு. உயர் இரத்த அழுத்தமோ இரவும் பகலும் விடாது.

மீள முடியுமா?

2002இல் வெளியான ஓர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. துடிப்பை மெதுவாக்கி இதயத்தின் சுமையைக் குறைக்கும் மருந்தை நோயாளிகள் சிலர் உட்கொண்டனர். இதயம் தேறியவர்களிடம் ஆல்ஃபாவுக்கான மரபணு மீண்டும் கூடுதலாகச் செயல்பட்டது.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிப்பதில்லை. “எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, மாத்திரை எதற்கு?” என்று வீட்டில் தாத்தாவோ பாட்டியோ கேட்டால், இந்தக் கயிறு இழுக்கும் கதையைச் சொல்லுங்கள். வெளியே தெரியாவிட்டாலும், உள்ளே இதயம் ஆள் மாற்றிக்கொண்டிருக்கலாம்.