நிரையா, நிரலா?

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி கணினியிடம் பல விதமாகச் சொல்லலாம். ஃபார் லூப், வைல் லூப், தன்னையே அழைத்துக்கொள்ளும் தற்சுழற்சி, மேப் போன்ற செயற்கூறுகள் எல்லாம் மைசூரு இன்போசிஸ் வளாகத்துக்குப் பயிற்சிக்கு வரும் இளம் பொறியாளர்களுக்குப் பழகியவைதான். லூப் வழக்கொழிந்துவிட்டது, மேப்தான் வேகம் என்ற பிரசாரத்தை அப்படியே நம்புவதற்கில்லை. தரவு நினைவகத்தில் கிடக்கும் வரிசையிலேயே அதைத் தொடுகிறோமா என்பதே பல நேரங்களில் வேகத்தை முடிவு செய்கிறது.

10,000 நிரையும் (கிடைவரிசை) 10,000 நிரலும் (செங்குத்து வரிசை) கொண்ட அட்டவணையில் உள்ள எண்களைக் கூட்ட வேண்டும். ஓர் எண்ணுக்கு 8 பைட். சி மொழி இதை நிரை நிரையாக அடுக்கி வைக்கும். எப்படிக் கூட்டினாலும் 10 கோடி எண்கள்தான். ஆனாலும் நிரல்வழியே போகும் லூப் பெரும்பாலும் பல மடங்கு மெதுவாக ஓடும்.

மைசூரு தேவராஜா மார்க்கெட்டில் ஒரு வெற்றிலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கிடங்கிலிருந்து சரக்கு கவுளியாகத்தான் வரும், தனி இலையாக வராது. மேசையில் சில கவுளிகளுக்கே இடம். ஒன்றை முழுக்க விற்றபின் அடுத்ததைக் கேட்டால் கடைப் பையனுக்கு நடை குறைவு. கவுளிக்கு ஓர் இலையாக உருவினாலோ மேசை நிரம்பி, முதல் கவுளி கிடங்குக்கே திரும்பிவிடும். அதன் இரண்டாம் இலைக்காக மறுபடி ஓட வேண்டும். கிடங்குதான் நினைவகம். இன்றைய செயலிகள் (பிராசஸர்கள்) பலவற்றில் இந்தக் கவுளி 64 பைட், அதாவது எட்டு எண்கள். ஒரு நிரலை முடிக்க 10,000 கவுளிகள், 6,40,000 பைட் தேவை. மேசையோ செயலிக்குள் இருக்கும் சிறு நினைவகம்; அந்த முதல்நிலை கேஷ் பெரும்பாலும் 32 முதல் 48 கிலோபைட்தான்.

பையன் கெட்டிக்காரனும்கூட. கவுளிகள் வரிசையாகப் போவதைக் கண்டால், கேட்குமுன்பே அடுத்ததைத் தூக்கி வருவான். செயலிக்குள் இதற்கென்றே மின்சுற்று இருக்கிறது. இணைப்புப் பட்டியலில் இந்தச் சாமர்த்தியம் எடுபடாது: அடுத்த கவுளி எங்கே என்ற சீட்டு இந்தக் கவுளிக்குள் இருக்கிறது, அதைப் பிரிக்கும்வரை அவன் நின்றே ஆக வேண்டும்.

வரலாறு இங்கே ஒரு காரணத்துக்காகவே தேவைப்படுகிறது. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் அட்டவணையை நிரல்வழி அடுக்கும் மொழி. அங்கே மேற்சொன்ன அறிவுரை தலைகீழாகும்.

பைத்தானில் கதை சற்று வேறு. ஒவ்வொரு சுற்றுக்கும் இன்டர்பிரட்டரின் செலவு உண்டு. நம்பை (NumPy) என்ற நூலகம் அந்தச் சுற்றைக் கம்பைல் செய்யப்பட்ட குறிமுறைக்குள் தள்ளிவிடுவதால் பெருத்த லாபம் கிடைக்கிறது. கோப்புறைக்குள் கோப்புறை போன்ற கிளைவிடும் தரவுக்குத் தற்சுழற்சியே இயல்பு. நீண்ட பட்டியலுக்கு அது ஆகாது. பைத்தான் இயல்பாக 1,000 அழைப்புகளின் ஆழத்தில் நிறுத்திவிடும். நினைவகத்தில் அடங்காத கோப்பென்றால் வரி வரியாகப் படிக்கும் ஜெனரேட்டரே கைகொடுக்கும்.

நூறு எண்களைக் கூட்டுவதில் இவ்வளவு கணக்கும் வேண்டியதில்லை; படிக்க எளிதான வடிவமே போதும். பெரிய அட்டவணையிலும், சில கம்பைலர்கள் நிரை-நிரல் வரிசையைத் தாமே மாற்றிக்கொள்வதுண்டு. அதனால் நேரத்தை அளந்து பார்த்தபிறகே லூப்பைத் திருத்துவது நல்லது.