கொலைக் கதை படிப்பவள் கொலைகாரி இல்லை!



சமையல் புத்தகம் படித்தால் நம்மைக் 'கெட்டிக்காரி' என்பார்கள். ஸ்லோகப் புத்தகம் படித்தால் 'நல்ல பொண்ணு' என்பார்கள். ஆனால் குடும்ப ரகசியம், கொலை, சந்தேகம் என்று ஒரு நாவலைக் கையில் எடுத்துப் பாருங்கள்! வீட்டில் அத்தனை பேர் புருவமும் ஏறிவிடும். "பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கருமம்? படிச்சிட்டு யாரைக் கொல்லப் போற?" என்று கேட்காத வீடு குறைவு. வீட்டு வேலையெல்லாம் முடிந்து, மத்தியானம் ஒரு மணி நேரம் கிடைக்கும்போது இந்த மாதிரிக் கதைகளை விரும்பிப் படிக்கிறவள் நான். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்தேழு வயது. பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தேன். இந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது. பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்களை அம்மா ஒன்று விடாமல் வாங்குவார். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி, சுஜாதாவின் கணேஷ் - வசந்த் எல்லாரும் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரி. அரிசி மூட்டைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த அந்தப் புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் எனக்குத் தமிழ் சரளமாக வந்தது என்றால் மிகையில்லை.

துப்பறியும் கதை என்றால் ஆம்பளை சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1901-ல் பிறந்த வை.மு.கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்து வயது தாண்டியதுமே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. ஆரம்பத்தில் எழுதக்கூட வராது. அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக் கொடுத்து வந்ததுதான் அவருடைய முதல் நாடகம். பிறகு எழுதக் கற்றுக்கொண்டு, 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை 1925-ல் எடுத்து நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். துப்பறியும் கதைகளும் அதில் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு குடும்பப் பெண் மர்மக் கதை எழுதியிருக்கிறார். நாம் படிப்பதற்கு என்ன தயக்கம்?

வெள்ளைக்காரர்கள் எழுதிய கதைகளை எனக்குச் சொன்னவள் என் அக்கா மகள். காலேஜில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். லீவுக்கு வந்தால், "சித்தி, நீங்க வெங்காயம் உரிங்க, நான் கதை சொல்றேன்" என்று ஆரம்பித்துவிடுவாள். கொலைகாரன் யார் என்று மட்டும் கடைசி வரை சொல்ல மாட்டாள், கள்ளி!

அகதா கிறிஸ்டி பற்றி அவள் சொல்லித்தான் தெரியும். அந்த அம்மாள் முதல் உலகப் போர் சமயத்தில் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். எந்த மருந்து எவ்வளவு போனால் விஷம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டாராம். 1949-ல் அவர் எழுதிய ஒரு நாவலில், ஒரு பெரிய பணக்காரத் தாத்தா. மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று மூன்று தலைமுறையும் ஒரே வீட்டில் இருக்கிறது. தாத்தாவுக்குப் போடுகிற இன்சுலின் மருந்தை எடுத்துவிட்டு, யாரோ கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தை அதில் வைத்துவிடுகிறார்கள். ஊசி போட்டதும் ஆள் காலி. கதவை உடைத்துக்கொண்டு வெளியிலிருந்து யாரும் வரவில்லை. அத்தனை பேரும் ஒரே வீட்டில் உண்டு உறங்குகிறவர்கள். கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நமக்கு இந்தக் கதை புரிய இங்கிலீஷ் தெரிய வேண்டுமா என்ன?

அதே கிறிஸ்டி எழுதிய மிஸ் மார்ப்பிள் என்ற பாட்டியம்மாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1930-ல் வந்த நாவலில் இவர் துப்பறிகிறார். கையில் துப்பாக்கி கிடையாது, பின்னல் ஊசியும் நூலும்தான். கிராமத்தில் உட்கார்ந்தபடி, 'இவன் நம்ம ஊர்ல இன்னார் மாதிரி, இவள் இன்னார் மாதிரி' என்று ஒப்பிட்டே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார். நம் தெருவில் திண்ணையில் உட்கார்ந்து, யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லும் பெரியம்மாக்கள் இல்லையா? அந்த மாதிரி!

1938-ல் டாப்னி டு மோரியே என்ற பெண்மணி எழுதிய 'ரெபெக்கா' இன்னொரு ரகம். இரண்டாம் தாரமாக ஒரு பெரிய மாளிகைக்கு வருகிறாள் ஒரு ஏழைப் பெண். எங்கே திரும்பினாலும் இறந்துபோன முதல் மனைவி ரெபெக்காவின் பேச்சுதான். அவள் எப்படி இறந்தாள் என்பதுதான் ரகசியம். இதில் ஒரு வேடிக்கை, கதை முழுவதையும் சொல்கிற அந்த இரண்டாம் மனைவிக்குக் கடைசி வரை பெயரே கிடையாது! இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே தொண்டையும் அடைத்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'மருமக', 'இன்னார் சம்சாரம்', 'பாப்பா அம்மா' என்றே கூப்பிடப்படுகிற எத்தனை பேர் நம்மில் இருக்கிறோம்!

நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. 1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. சுட்டுக் கொல்லப்பட்டவனின் தம்பி, தம்பி மனைவி, கட்டின மனைவி என்று சந்தேகம் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். 1964-ல் வந்த 'புதிய பறவை'யில், இறந்துவிட்டாள் என்று சொன்ன முதல் மனைவி கண் முன்னால் வந்து நிற்பாளே, அந்த இடத்தில் இப்போது பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, இந்த மாதிரிக் கதைகளில் நமக்கு ஏன் இவ்வளவு ஆர்வம்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். பேய்க் கதையும் போர்க் கதையும் எங்கோ நடப்பவை. குடும்ப ரகசியக் கதை நாம் தினமும் பெருக்கித் துடைக்கிற அதே நாலு சுவருக்குள் நடக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை ஒன்றில் படித்த கணக்கு இது. 2023-ல் உலகம் முழுவதும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்கள், சிறுமிகள் சுமார் 85,000 பேர். அதில் சுமார் 51,100 பேரைக் கொன்றது கணவனோ, துணைவனோ, குடும்பத்தைச் சேர்ந்தவர்களோதான். ஒரு நாளைக்கு 140 பேர்! 'இருட்டினதுக்கு அப்புறம் வெளியே போகாதே' என்று நம்மைப் பயமுறுத்தி வளர்த்தார்களே, வீட்டுக்குள் இருக்கிற ஆபத்தைப் பற்றி யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அதைக் கதைகள்தான் சொல்கின்றன.

இப்போது நான் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

1938-ல் பாட்ரிக் ஹாமில்டன் என்பவர் லண்டனில் 'கேஸ் லைட்' என்று ஒரு நாடகம் எழுதினார். 1944-ல் இங்க்ரிட் பெர்க்மன் நடித்து ஹாலிவுட்டில் படமாகவும் வந்தது. கரண்ட் வருவதற்கு முன், வீடுகளில் கேஸ் விளக்கு எரிந்த காலத்துக் கதை. புருஷன்காரன் மனைவியின் பொருள்களை ஒவ்வொன்றாக ஒளித்து வைப்பான். பிறகு, "நீதான் எங்கேயோ வச்சிட்டு மறந்துட்ட, உனக்குப் புத்தி சரியில்லை" என்பான். ராத்திரி அவன் வெளியே போனதும் விளக்கு தானாக மங்கும். மாடியில் காலடிச் சத்தம் கேட்கும். அவள் சொன்னால், "உன் பிரமை" என்பான். உண்மையில் அவன்தான் திருட்டுத்தனமாக மேலே ஏறி, அங்கே ஒரு விளக்கை ஏற்றிக்கொண்டு, முன்பு அவனே கொன்ற அவளுடைய சித்தியின் நகைகளைத் தேடிக்கொண்டிருப்பான். மேல் மாடியில் குழாயைத் திறந்தால் கீழே தண்ணீர் மெலிகிறதல்லவா, அந்த மாதிரி மேலே விளக்கு எரிந்தால் கீழே விளக்கு மங்கும். அவள் கண்ணில் பட்டது அத்தனையும் நிஜம். ஆனால் பாவம், அவளே தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று நம்ப ஆரம்பித்துவிடுவாள்.

ஒருத்தரை அவர் புத்தியையே சந்தேகிக்க வைக்கும் கொடுமைக்கு இன்று 'கேஸ்லைட்டிங்' என்றே பெயர். மெரியம் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதி 2022-ம் ஆண்டின் சொல்லாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

என் சித்தி மகள் ஒருத்தி. பெயர், ஊர் வேண்டாம். கல்யாணமாகி ஆறு வருஷம். கலகலவென்று பேசுகிறவள், கொஞ்சம் கொஞ்சமாக ஊமையாகிவிட்டாள். போனில் பேசினால், "அக்கா, எனக்கு ரொம்ப மறதி வந்திருச்சு. பீரோவில் வச்ச தோட்டைக் காணோம், செயினைக் காணோம். அவர்தான் பாவம் பொறுத்துப் போறார்" என்பாள். மாமியார் வீட்டில், "இதுக்கு மண்டையில ஏதோ கோளாறு" என்று பேசிக்கொண்டார்களாம். தூக்க மாத்திரை வேறு.

ஆடிக்கு அவள் வந்திருந்தபோது, பேச்சோடு பேச்சாக இந்தக் கேஸ் விளக்குக் கதையைச் சொன்னேன். அவளை மனசில் வைத்துச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் முகம் மாறிவிட்டது. ரொம்ப நேரம் கழித்து, "அக்கா, விளக்கு மங்கினது நெசந்தானே? அவ சொன்னது பொய் இல்லைதானே?" என்று கேட்டாள். "நெசந்தான்டீ" என்றேன். அவ்வளவுதான், வேறு எதுவும் பேசவில்லை.

ஊருக்குப் போனதும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எதை எங்கே வைத்தாள், என்ன தேதி, யார் என்ன சொன்னார்கள் என்று எழுத ஆரம்பித்திருக்கிறாள். அடுத்த வளையல் காணாமல் போனபோது, தான் மறக்கவில்லை என்பது நோட்டில் இருந்தது. தன் மேல் அவளுக்கு நம்பிக்கை திரும்பியது. ரெண்டு மாதத்தில், துவைக்கப் போட்ட பேண்ட்டில் அடகுச் சீட்டு கிடைத்தது. போனில் பணம் கட்டி விளையாடும் சூதாட்டத்துக்காக, அவள் அப்பா போட்ட நகை ஒவ்வொன்றாகப் போயிருக்கிறது. 'மறதி' என்ற பட்டம் மட்டும் இவளுக்கு!

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "ஆம்பளைன்னா நாலும் இருக்கும்" என்று சிலர் சொன்னார்கள். இப்போது அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், தையல் வேலை செய்கிறாள். திரும்பிப் போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அது அவள் முடிவு. ஆனால் மாத்திரை இல்லாமல் தூங்குகிறாள், மறுபடி சிரிக்கிறாள்.

கதையைப் படித்துவிட்டு ஆளாளுக்குப் புருஷன் சட்டைப் பையைத் துழாவுங்கள் என்று நான் சொல்லவில்லை, தோழிகளே. சாம்பாரில் உப்பு கூடினால் விஷமா என்று யோசிக்கவும் வேண்டாம். என் வீட்டுக்காரர் நான் படிப்பதைப் பார்த்து, "காப்பியை நீ முதல்ல ஒரு வாய் குடிச்சிட்டுக் கொடு" என்று கிண்டல் செய்வார். மறதி நிஜமாகவே இருந்தால் டாக்டரைப் பார்ப்பதும் அவசியம்தான். ஆனால் 'உனக்கு ஒண்ணும் தெரியாது, உன் பிரமை' என்று ஒருத்தர் நம்மைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, நாமே நம்மைக் கைவிட்டுவிடக் கூடாது. தேதி போட்டு எழுதி வையுங்கள். நகை ரசீது, பாஸ்புக், சர்டிபிகேட் எல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள். நம்பிக்கையான ஒருத்தரிடமாவது மனம் விட்டுச் சொல்லுங்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2005-ல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், அடி உதை மட்டும் வன்முறை இல்லை. சொல்லால் நோகடிப்பது, மனசை வதைப்பது, நம் சீதனத்தைப் பறிப்பது எல்லாமே வன்முறைதான். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். இந்த எண்ணைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

பக்கத்து ஊர்க் கிளை நூலகத்தில் மர்ம நாவல் அலமாரி எங்கே என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். கொலைகாரன் யார் என்று கடைசிப் பக்கத்தை மட்டும் முதலில் புரட்டாதீர்கள். பொறுமையாகப் படியுங்கள், யார் பொய் சொல்கிறார்கள் என்று கவனிக்கப் பழகுங்கள். அந்தப் பழக்கம் நம் வீட்டுக்கும் உதவும்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.