மாரியோவின் தாவலும் நியூட்டனின் விதியும்

ஒரு பந்தைச் செங்குத்தாக மேலே எறிகிறீர்கள். அது உச்சியை அடைய ஒரு வினாடி ஆகிறது. அங்கிருந்து உங்கள் கைக்குத் திரும்பி வர எவ்வளவு நேரமாகும்? "அதே ஒரு வினாடி" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் உங்கள் விடை சரியே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளி அறிவியல் மன்றம் ஒன்றில் இதைத்தான் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பேச்சு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், அப்பா சின்ன வயசுல விளையாடின டி.வி. கேம் எங்க வீட்டுல இருக்கு. அதுல மாரியோ குதிச்சா மெதுவா மேலே போறான், வேகமா கீழே விழறான். ஏன் சார்?" என்று கேட்டாள்.

"அது கண்ணின் மயக்கமாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு அவள் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்தாள். தொலைக்காட்சித் திரையைக் கைபேசியில் படம் பிடித்து, அதை நிறுத்தி நிறுத்தி எண்ணியிருந்தாள். பத்துத் தாவல்கள், பத்திலும் ஏறும் நேரம் இறங்கும் நேரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! அவள் கண் மயங்கவில்லை. நான்தான் பார்க்காமலே பதில் சொல்லிவிட்டேன். அவளுக்கு அன்று நான் தந்திருக்க வேண்டிய விடையை இப்போது நாம் எல்லோரும் சேர்ந்து காண்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள நிண்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஜூலையில் 'பேமிகாம்' என்ற விளையாட்டுப் பொறியை வெளியிட்டது. அதற்காக ஷிகேரு மியாமோட்டோ, தகாஷி தெசூகா ஆகியோர் வடிவமைத்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 1985 செப்டம்பரில் வந்தது. 1990களில் இந்தியக் கடைவீதிகளில் 'டி.வி. கேம்' என்று விற்கப்பட்டவற்றில் பல, இந்தப் பொறியின் நகல்களே. என் பள்ளிப் பருவத்தில் நானும் அதில் பல விடுமுறைகளைத் தொலைத்தவன்தான்.

அந்தப் பொறியின் நுண்செயலி வினாடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்புகளில் இயங்கியது. அதன் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட்டு. நாம் 'கேசட்' என்று அழைத்த பெட்டியில் மாரியோ விளையாட்டு முழுவதும், அதாவது 32 கட்டங்களும் இசையும் படங்களும், 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டன. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்திற்கு இதைப் போல் பல மடங்கு இடம் வேண்டும்! இடத்தை மிச்சப்படுத்த எத்தனையோ உபாயங்கள் செய்தார்கள். வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவம்தான். நிறம் மட்டுமே வேறு. அடுத்த முறை உற்றுப் பாருங்கள்.

கூட்டல் போதும்

இன்னொரு வியப்பும் உண்டு. அந்த நுண்செயலிக்குக் கூட்டவும் கழிக்கவும் தெரியும். பெருக்குவதற்கென்று அதில் ஒரு கட்டளையே இல்லை! அப்படியானால் நாம் வகுப்பில் படிக்கும் s = ut + ½at² என்ற சமன்பாட்டை அது எப்படிப் போடும்?

போடவே வேண்டாம். ஜப்பானியத் தொலைக்காட்சியில் திரை வினாடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. ஒவ்வொரு முறையும் பொறி இரண்டே வேலைகளைச் செய்கிறது. முதலில், மாரியோவின் இடத்துடன் அவனது வேகத்தைக் கூட்டுகிறது. அடுத்து, அந்த வேகத்திலிருந்து ஈர்ப்பின் பங்கைக் கழிக்கிறது. அவ்வளவுதான்! வேகம் என்பது இடம் மாறும் வீதம். முடுக்கம் என்பது வேகம் மாறும் வீதம். இந்த இரண்டு வரையறைகளையும் சிறுசிறு நேரத் துண்டுகளாக்கினால் கிடைப்பது இந்தக் கூட்டலும் கழித்தலுமே. விண்கலத்தின் பாதையைக் கணக்கிடும் பெரிய கணினிகளும் அடிப்படையில் இப்படித்தான் துண்டு துண்டாகக் கணக்கிடுகின்றன. அவற்றின் முறை இதைவிட நுட்பமானது.

இரண்டு ஈர்ப்புகள்

இந்த விளையாட்டின் நிரலை ஆர்வலர்கள் வரி வரியாகப் பிரித்துப் படித்திருக்கிறார்கள். ஆகவே மாரியோவின் எண்கள் நமக்குத் தெரியும். திரையிலுள்ள ஒரு புள்ளியை 16 பங்காகப் பிரித்துக்கொள்வோம். நின்ற இடத்திலிருந்து குதிக்கும் மாரியோவின் தொடக்க வேகம், திரை ஒருமுறை வரையப்படும் நேரத்திற்கு 64 பங்கு. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் அதில் 2 பங்கு குறைகிறது: 64, 62, 60, 58... 32 முறைக்குப் பின் வேகம் சுழியாகிறது. மாரியோ உச்சியில் இருக்கிறான்.

இனித்தான் வேடிக்கை! உச்சியைத் தாண்டியதும் ஈர்ப்பு 2 பங்கிலிருந்து 7 பங்காகிவிடுகிறது: 7, 14, 21, 28... வேகம் ஏறத்தாழ 64ஐத் தொட்டதும் அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிடுகிறது, மழைத்துளி ஒரு வேகத்திற்கு மேல் விரைவதில்லை அல்லவா, அதுபோல. கீழே வந்து சேரச் சுமார் 21 முறை போதும். 32ஐ 21ஆல் வகுத்துப் பாருங்கள். ஒன்றரை! மாணவியின் நோட்டுப் புத்தகத்தில் இருந்த அதே விடை.

பொத்தானைத் தொட்டவுடன் விட்டுவிட்டால்? அந்தக் கணமே ஈர்ப்பு 7 பங்காகிவிடும். மாரியோ ஒரு செங்கல் உயரத்தை மட்டும் சற்றே தாண்டுவான். அழுத்திப் பிடித்தால் நான்கு செங்கல் உயரம். ஓடிவந்து குதித்தால் ஐந்து.

நம் உலகிற்கு மாரியோ வந்தால்?

வளர்ந்த மாரியோவின் உயரம் திரையில் 32 புள்ளி. அதை 1.6 மீட்டர் என்று கொண்டால் ஒரு புள்ளி 5 சென்டிமீட்டர். அவன் தரையை விட்டுக் கிளம்பும் வேகம் வினாடிக்கு 12 மீட்டர்! நின்ற இடத்திலிருந்து நாம் அரை மீட்டர் குதிக்கவே சிரமப்படுகிறோம். அதற்கு வினாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகம் போதும். மாரியோ ஏறும்போது அவனை இழுக்கும் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 22.5 மீ/வி². அதாவது பூமியைப் போல் 2.3 மடங்கு, கிட்டத்தட்ட வியாழன் கோளில் இருப்பது போல. இறங்கும்போதோ சுமார் 79 மீ/வி², பூமியைப் போல் எட்டு மடங்கு!

இதோடு நிற்கவில்லை. அந்தரத்தில் இருக்கும்போதே மாரியோ பின்பக்கமாகத் திரும்பி நகர்வான். வெளிவிசை இல்லாமல் திசைவேகம் மாறாது என்ற நியூட்டனின் முதல் விதி அங்கே செல்லாது.

அப்படியானால் இது தவறான இயற்பியலா? நம் உலகைப் பொறுத்தவரை தவறுதான். ஆனால் விளையாடுபவரின் கண்ணால் பாருங்கள். மெதுவாக ஏறுவதால் எங்கே இறங்குவது என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. விரைவாக இறங்குவதால் காத்திருக்க வேண்டியதில்லை. முக்கியமாக, விதி எதுவாயினும் அது ஒருநாளும் மாறுவதில்லை. நேற்று 64 என்றால் இன்றும் 64. அதனால்தான் பலமுறை பள்ளத்தில் விழுந்தவரும் ஒருநாள் அதைத் தாண்டக் கற்றுக்கொள்கிறார். அதனால்தான் ஒரு மாணவி தன் வீட்டில் உட்கார்ந்து அந்த விதியை அளந்தறிய முடிந்தது. இயற்கையிடம் நாம் செய்வதும் இதையே.

செய்து பாருங்கள்

வரைபடத் தாள் ஒன்றை எடுங்கள். கிடைமட்டத்தில் முறை எண்ணையும் செங்குத்தில் உயரத்தையும் குறியுங்கள். 64, 62, 60 என்று கூட்டிக்கொண்டே சென்றால் 32 முறையில் 1056 பங்கு, அதாவது 66 புள்ளி உயரம் வரும். v²/2a என்ற வாய்பாட்டில் போட்டால் 64 புள்ளிதான் வரும்! இந்த 2 புள்ளி வேறுபாடு ஏன்? முதலில் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு இடத்துடன் கூட்டினால் விடை என்னவாகும்? நேரத் துண்டைப் பாதியாக்கினால் வேறுபாடு கூடுமா, குறையுமா? போட்டுப் பாருங்கள்.

பிறகு இறங்கும்போதும் 7க்குப் பதிலாக 2 என்றே வைத்து வரையுங்கள். பந்து எறிந்த கதைதான் வரும். இரு பக்கமும் சமமான பரவளையம். இரண்டு கோடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அன்று அந்த மாணவி என்னிடம் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி என்பது உங்களுக்கே புரியும்.