நின்ற மிஷின் மீண்டும் தைக்கும்

எடைக்குப் போகும் பழைய தையல் மிஷின்களைத் தேடிப் பிடித்து ஓட வைப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. பலன் அதைவிடப் பெரியது.

அகத்தியர் மலைக்குக் கீழே, திருவனந்தபுரம் மாவட்டத்தின் போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைத் தொழிற்சாலை மூடப்பட்டுப் பல ஆண்டுகளாகின்றன. இயந்திரங்கள் துருவேறின. சம்பளம் நின்றது. அவற்றை மீண்டும் ஓட்ட முதலாளி வேண்டும், மூலதனம் வேண்டும். நின்றுபோன தையல் மிஷினுக்கு இரண்டும் தேவையில்லை.

இந்த வேறுபாட்டை 1924-லேயே பேசியவர் காந்தி. இயந்திரங்கள் அனைத்தையும் எதிர்க்கிறீர்களா என்று அவரைக் கேட்டவர் இதே மாவட்டத்தின் நெய்யாற்றின்கரைக்காரர்: பின்னாளில், 1947-ல், மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன். சிங்கர் தையல் இயந்திரம் விதிவிலக்கு என்றார் காந்தி. மனைவி படும் பாட்டைக் கண்டு இரங்கியவரின் கண்டுபிடிப்பாம் அது. 1851-ல் காப்புரிமை பெற்ற சிங்கருக்கு இரக்கத்தைவிட வியாபாரமே முக்கியம் என்பது வேறு விஷயம்.

பழைய மிஷின் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது அதில் பொறித்த எண்ணை. சிங்கரில் எண்ணுக்கு முன் எஃப், ஜே, ஒய் போன்ற எழுத்து இருந்தால் பிறந்த இடம் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க். அந்தத் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. அங்கே செய்த மிஷின்கள் இன்னும் தைக்கின்றன. உஷா என்றால் பூர்வீகம் கல்கத்தா. ஜெய் இன்ஜினீயரிங் நிறுவனம் 1930-களில் தயாரிக்கத் தொடங்கியது.

அடுத்து, கைச்சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அசையவில்லையா? பயப்பட வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி தேங்காய் எண்ணெய்தான். அவசரத்துக்கு யாரோ விட்டது, நாளடைவில் பிசினாக இறுகியிருக்கும். எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊற வைத்து, மெல்ல அசைத்தால் இளகும். அழுக்கைத் துடைத்த பிறகு மிஷின் எண்ணெய் விட வேண்டும். தங்க நிறப் பூவேலை மீது மட்டும் மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ படக் கூடாது. அழிந்தால் அழிந்ததுதான்.

வார்ப்பிரும்பு விரிசல் கண்டிருந்தால் வாங்காமல் இருப்பது நல்லது. படகு வடிவ ஷட்டில் காணாமல் போயிருந்தாலும் மாற்று கிடைப்பது கடினம். வட்ட பாபின் மிஷின்களில் அந்தக் கவலை குறைவு. இந்தியத் தயாரிப்புகள் பலவும் சிங்கரின் 15-ம் எண் ரகத்தைப் பின்பற்றியவை. பாபின் கேஸும் ஊசியும் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும்.

ஆனால் மிஷின்களுக்குப் புது ஆபத்து வந்திருக்கிறது. கால்சட்டம் மட்டும் அலங்கார மேஜையாகி ஓட்டல்களுக்குப் போகிறது, மிதிக்க யாருமில்லை. தலைப்பகுதி பழைய இரும்புக் கடையில் உடைபடுகிறது. கரண்ட் இல்லாத வீட்டிலும் ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கூலி சம்பாதிக்கக்கூடிய கருவி அது. பழுது பார்த்த மிஷினை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். தையல் தெரிந்த, மிஷின் இல்லாத ஒரு பெண்ணிடம் கொடுத்தால் மறுநாளே சம்பாத்தியம் தொடங்கும்.