துவைக்கும் நீரில் உதிரும் பிளாஸ்டிக்

வாஷிங் மெஷினின் லிண்ட் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் பஞ்சுபோல அப்பியிருக்குமே, அதெல்லாம் பஞ்சு அல்ல. பாலியஸ்டர் சேலை, நைலான் லெக்கிங்ஸ், அக்ரிலிக் ஸ்வெட்டர் ஆகியவற்றிலிருந்து உதிர்ந்த பிளாஸ்டிக் இழைகளும் அதில் உண்டு. தண்ணீர் பாட்டில் செய்யும் அதே ‘பெட்’ பிளாஸ்டிக்தான் பாலியஸ்டர். ஃபில்டரில் சிக்காத நுண்ணிழைகள் சாக்கடைக்குப் போய்விடுகின்றன.

எவ்வளவு உதிர்கிறது?

பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைக் கணக்கிட்டார்கள். 6 கிலோ துணியை ஒருமுறை துவைத்தால், பாலியஸ்டர்-காட்டன் கலப்புத் துணியில் சுமார் 1.38 லட்சம், பாலியஸ்டரில் சுமார் 5 லட்சம், அக்ரிலிக்கில் 7 லட்சத்துக்கும் மேல் இழைகள் உதிரக்கூடும். புதுத்துணி முதல் சில சலவைகளில் அதிகம் உதிர்க்கும்.

உடலுக்குள் எப்படி வருகிறது?

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆனால், அங்கே சேரும் கசடு உரமாகும்போது இழைகள் வயலுக்குப் போகின்றன. தப்பியவை ஆறு, கடல் வழியாக மீன்களின் வயிற்றை அடைகின்றன. உடுத்தும்போதும் மடிக்கும்போதும் உதிர்பவை வீட்டுத் தூசியில் கலந்து மூச்சோடு உள்ளே போகின்றன.

நெதர்லாந்தில் 2022இல் வெளியான ஆய்வில், 22 பேரில் 17 பேரின் ரத்தத்தில் பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. அதே ஆண்டு பிரிட்டனில் பரிசோதித்த 13 நுரையீரல் திசுக்களில் 11இல் அவை காணப்பட்டன.

ஆபத்தா?

நைலான் துகள் பறக்கும் வட அமெரிக்க ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரல் அழற்சி வந்தது 1990களிலேயே பதிவாகியிருக்கிறது. வீட்டில் நாம் சுவாசிப்பது அதைவிட மிகக் குறைவு. அந்த அளவு என்ன செய்யும் என்பதில் மருத்துவ உலகம் இன்னும் முடிவுக்கு வரவில்லை. பதற வேண்டாம்; குறைப்பது எளிது.

என்ன செய்யலாம்?

• அழுக்கானால் மட்டும் துவையுங்கள். ஒரே ஒரு சட்டைக்காக மெஷினை ஓட்டாதீர்கள். துணிக்குத் தேவைக்கு மேல் நீர் இருந்தால் இழை அதிகம் உதிரும்.
• ‘டெலிகேட்’ முறை நிறைய நீர் எடுப்பதால் இழை உதிர்வும் கூடும். வெந்நீரைத் தவிர்த்து, குளிர்ந்த நீரில் குறைந்த நேரம் ஓட்டுங்கள்.
• ஃபில்டரில் சேர்ந்ததைக் குழாயடியில் அலசாமல், வழித்தெடுத்துக் குப்பையில் போடுங்கள்.
• டிரையர் வேண்டாம், கொடியில் உலர்த்துங்கள். வீட்டை ஈரத் துணியால் துடையுங்கள்.
• குழந்தைகளின் உடைகளுக்கும் இரவு உடைகளுக்கும் பருத்தியைத் தேர்ந்தெடுங்கள். பருத்தியும் இழை உதிர்க்கும். ஆனால், மண்ணில் மக்கிவிடும்.

புதிய வாஷிங் மெஷின்களில் நுண்ணிழை வடிகட்டி வேண்டும் என பிரான்ஸ் 2020இலேயே சட்டம் இயற்றியது. அடுத்த முறை மெஷின் வாங்கப் போகும்போது, அந்த வசதி இருக்கிறதா என்று நீங்களும் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் தயாரிப்பவர்கள் பொருத்துவார்கள்.