மொபெட் வைத்திருப்போர் கவனத்திற்கு

கூட்டுறவுச் சங்கத்திற்குப் பால் கேன்களும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு மணிலா மூட்டைகளும், வயலுக்கு உரமும், தொழுவத்திற்குப் புல்லுக்கட்டும் போய்ச் சேர, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் இன்று மொபெட் என்னும் சிறு மோட்டார் வண்டியே பெரிதும் துணையாக இருக்கிறது. உழவர் குடும்பத்தில் ஒரு காலத்தில் மாட்டு வண்டி பெற்றிருந்த இடத்தை இவ்வண்டி பெற்றுவிட்டது எனலாம். ஆனால் மாட்டுக்கு லாடம் கட்டவும், வண்டி அச்சுக்கு மை போடவும் தவறாத குடும்பங்களிலும், இந்த வண்டியை ‘ஓடும் வரை ஓடட்டும்’ என்று விட்டுவிடுவதைக் காண்கிறோம். இதனால் விளையும் நட்டம் ரிப்பேர்ச் செலவோடு நிற்பதில்லை. உயிருக்கும், சில வேளைகளில் நிலத்திற்குமே கேடாக முடிகிறது. அது எவ்வாறு என்பதையும், அதைத் தடுக்கும் வழிகளையும் இங்கு விளக்குவோம்.

வண்டியின் அமைப்பு

ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் 1980-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லும்படி இந்தியாவில் உருவான முதல் மொபெட் அதுவே. அக்காலத்து வண்டிகளில் பெட்ரோலுடனேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுவது வழக்கம். 2015-ஆம் ஆண்டில் வந்த எக்ஸ்.எல். 100 வண்டியின் எஞ்சின் வேறு வகையானது. 99.7 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அந்த எஞ்சினில் எண்ணெய் அடிப்பகுதியில் தனியே தங்கியிருக்கும். ஆகவே இதன் பெட்ரோலில் எண்ணெய் கலக்கலாகாது. பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். எண்ணெய் குறைந்தாலோ உடனே நிற்காது. உள்ளேயுள்ள பாகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்ந்த பின்னரே நிற்கும். அப்போது ஆகும் செலவில் பல ஆண்டுகளுக்கு எண்ணெய் வாங்கிவிடலாம்.

இவ்வண்டியில் கியர் மாற்றும் வேலை இல்லை. எஞ்சின் வேகம் கூடும்போது கிளட்சினுள் இருக்கும் கட்டைகள் விரிந்து, சுற்றியுள்ள உருளையைப் பற்றிக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுகின்றன. மிகுந்த பாரத்துடன் மேட்டில் புறப்பட்டால் அக்கட்டைகள் முழுமையாகப் பற்றாமல் வழுக்கிச் சூடேறித் தேய்ந்துவிடும். பாரத்தைக் குறைத்துக்கொள்வதே கிளட்சைக் காக்கும் வழி.

நாள்தோறும், வாரந்தோறும்

காலையில் புறப்படுமுன் இரு பிரேக்குகளையும் பிடித்துப் பார்க்கவேண்டும். விளக்கும் ஹாரனும் வேலை செய்கின்றனவா, டயர்களில் முள்ளோ ஆணியோ ஏறியிருக்கிறதா என்று நோக்கவேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

வாரம் ஒரு முறை டயரின் காற்றையும், எஞ்சின் எண்ணெயின் அளவையும், செயினின் தொய்வையும் பார்ப்பது நலம். வண்டியுடன் தரப்பட்ட கையேட்டில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவு குறிக்கப்பட்டிருக்கும். செயின் மிகத் தளர்ந்தால் பற்சக்கரத்திலிருந்து கழன்று பின் சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும்; மிக இறுகினால் விரைவில் தேயும். மண் சாலையிலும் களத்து மேட்டிலும் ஓடும் வண்டியின் ஏர் பில்டரில் தூசு விரைவாக அடைவதால், அதைக் குறித்த தவணைக்கு முன்னரே சுத்தம் செய்வது பெட்ரோலை மிச்சப்படுத்தும்.

பாரமும் வேகமும்

மூட்டையைப் பின்புறம் உயரமாகக் கட்டினால் முன் சக்கரம் இலேசாகி, கைப்பிடிக்கு வண்டி அடங்காது. பாரத்தைத் தாழ்வாகவும், இரு சக்கரங்களுக்கு இடையிலும் அமையும்படி வைக்கவேண்டும். பக்கவாட்டில் நீளும் சவுக்குக் கழிகளை மொபெட்டில் ஏற்றவே கூடாது.

வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க வேண்டிய தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறது. எதிரே ஆடு குறுக்கிட்டதைக் கண்டு கை பிரேக்கைப் பற்றுமுன்பே இத்தூரம் கழிந்துவிடும். பாரத்துடன் செல்லும்போது இதை நினைவில் இருத்தவேண்டும்.

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள நெடுஞ்சாலை, நடுத்திட்டுடன் கூடிய நான்கு வழிச்சாலை. எதிர்ப்புற ஊருக்குச் செல்ல அடுத்த திறப்பு வரை சுற்றிப் போவதற்குச் சலித்து, எதிர்த் திசையில் ஓட்டுவோர் உண்டு. அத்திசையில் வண்டி வருமென்று லாரி ஓட்டுநர் எதிர்பார்ப்பதில்லை. சில துளிப் பெட்ரோலுக்காக உயிரைப் பணயம் வைப்பது எவ்வகையிலும் தகாது. ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிவதைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது.

உரிமமும் இன்ஷூரன்சும்

பதினாறு வயதுப் பிள்ளை மொபெட் ஓட்டலாம் என்னும் கருத்துப் பலரிடம் உள்ளது. அது 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சினுக்கே பொருந்தும். 100 கன சென்டிமீட்டர் அளவுள்ள வண்டிக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்கவேண்டும். வயது வராத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்துக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கும் வண்டியின் சொந்தக்காரருக்கும் 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்க 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வகை செய்கிறது.

2018 செப்டம்பர் முதல், புதிய இரு சக்கர வண்டிகளுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்சை ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்கவேண்டும். ஐந்தாண்டு கழிந்தபின் அதைப் புதுப்பிக்கப் பலர் மறந்துவிடுகின்றனர். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவர்மீது மோதினால், நடுவர் மன்றம் விதிக்கும் இழப்பீட்டைச் சொந்தக்காரரே கொடுக்கவேண்டும். கொடுக்கத் தவறினால், நிலவரிப் பாக்கியைப் போலவே கலெக்டர் வழியாக வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நிலத்திற்கும் கேடு என்று முன்னர் கூறியது இதனாலேயே.

பழைய வண்டியை விற்பவர், பெயர் மாற்றம் முடிந்ததை உறுதி செய்துகொள்ளவேண்டும். பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே சொந்தக்காரராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருக்கிறது.

வெள்ளத்தில் மூழ்கினால்

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்ததை நம் மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார்கள். நீரில் மூழ்கிய வண்டியை உடனே உதைத்துக் கிளப்பலாகாது. எஞ்சினுள் புகுந்த நீர் அழுத்தத்திற்கு இடங்கொடாமல் உட்பாகங்களை வளைத்துவிடும். பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெயையும் பெட்ரோலையும் மாற்றி, பிரேக்கைத் துடைத்து உலர்த்திய பின்னரே மெக்கானிக் முன்னிலையில் கிளப்பவேண்டும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் உள்ள வண்டிக்கு வெள்ள நட்டம் கிடைக்காது. அதற்கு வண்டியின் சொந்தச் சேதத்திற்கான காப்பும் எடுத்திருக்கவேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

கிராம சபை கூடும் நாட்களில் இச்செய்திகளை எடுத்துரைப்பது எளிது. ஊரில் இன்ஷூரன்ஸ் காலாவதியான வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு நினைவூட்டலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தாரை வேண்டி, உரிமம் பெறாத ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் விண்ணப்பிக்க உதவி செய்யலாம். ஊர்ச் சாலை நெடுஞ்சாலையைச் சேரும் இடத்தில் விளக்கும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றி உரிய அதிகாரிகளுக்கு அனுப்பலாம்.

நாளுக்கு இரண்டு நிமிடமும், வாரத்திற்கு அரை மணியும், உரிய காலத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் தவணையுமே இவ்வண்டி நம்மிடம் கேட்பவை. அவற்றைக் கொடுத்தால் அது பல்லாண்டு நமக்கு உழைக்கும்.